வெள்ளிடை மன்றமும் வேலியிட்ட குடியிருப்பும்

குற்றம் மனத்தில் பிறக்கிறது என்பர் அறநூலோர். அதற்கு இடமும் துணை செய்கிறது என்பர் நகரமைப்பு அறிஞர். இருள் மண்டிய சந்தும், எவர் பொறுப்பிலும் இல்லாத படிக்கட்டும், புதர் மூடிய திடலும் தீயோர்க்குப் புகலிடம் தருகின்றன. ஒளி படர்ந்த தெருவும், ஆள் நடமாட்டமுள்ள முற்றமும், பேணப்பட்ட பூங்காவும் அவர்களைக் கூச வைக்கின்றன என்பது அவ்வறிஞர்தம் கூற்று. மேலைநாடுகளில் 1960களில் தோன்றி வளர்ந்து, 2004ஆம் ஆண்டில் மலேசியாவிலும் அரசாங்கத் திட்டமாக உருப்பெற்ற இக்கொள்கை, தமிழ் வாசகர்களும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும். தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய ஒரு சமுதாயத்துக்கு இது வெறும் ஏட்டு ஆராய்ச்சியாகாது. பிள்ளைகளின் வாழ்வும் பெண்களின் நடமாட்டமும் முதியோரின் மன அமைதியும் இதனைச் சார்ந்துள்ளன.

இக்கொள்கையை உரைத்துப் பார்க்க லுக்குட் ஏற்றதோர் உரைகல் ஆகும். நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் வட்டாரத்தில், சிரம்பானிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மீது அமைந்த இச்சிற்றூர், மூவகைக் குடியமைப்பைத் தன் வரலாற்றில் கண்டது. முதலாவது கோட்டை, இரண்டாவது தோட்ட லயம், மூன்றாவது தாமான். மூன்றும் பாதுகாப்பை நாடியவையே. ஆயினும் யாருடைய பாதுகாப்பை, யாரிடமிருந்து, எவ்வழியில் நாடின என்பதில் அவை வேறுபட்டன.

கோட்டை புகட்டும் பாடம்

ஈய வளத்தால் பெயர்பெற்ற லுக்குட்டில், 1834ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளரின் கலகம் ஒன்று வெடித்தது. அவ்வூரை ஆண்ட ராஜா பூசு அதில் உயிரிழந்தார். பின்னர்ப் பொறுப்பேற்ற ராஜா ஜுமாத், 1847ஆம் ஆண்டளவில் புக்கிட் காஜா மாத்தி என்னும் குன்றின் மீது அகழி சூழ்ந்த கோட்டை ஒன்றை எழுப்பினார். உயரத்திலிருந்து சுற்றுப்புறம் முழுவதையும் காணலாம். கீழிருந்து எவரும் மறைந்து ஏற இயலாது. இன்றைய நகரமைப்பாளர் வகுக்கும் இலக்கணங்களுள் இரண்டு, அதாவது தெளிவான பார்வையும் கட்டுப்படுத்தப்பட்ட நுழைவாயிலும், அக்கோட்டையில் அன்றே அமைந்திருந்தன.

ராஜா ஜுமாத்தின் காலத்தில் லுக்குட் செழித்தது. ஒழுங்கான ஆட்சிக்கும் பெயர் பெற்றது. 1864ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஈய வருவாய் குன்றியது. மக்கள் வேறிடம் நாடினர். அகழி அப்படியே இருந்தது, மதிலும் இருந்தது, ஊர் தேய்ந்தது. பகைவனைத் தடுக்க வல்ல மதிலுக்கு, மக்களை நிறுத்தி வைக்கும் ஆற்றல் இல்லை என்பதை அக்குன்று இன்றும் உணர்த்துகின்றது. தொழிலும் நீதியும் நம்பிக்கையும் உள்ள வரையில்தான் கோட்டைக்குப் பொருள் உண்டு.

லயத்தின் கண்கள்

ரப்பர் பயிர் பெருகிய காலத்தில் இவ்வட்டாரத்தின் முகம் மாறியது. தானா மேரா, சுவா பெத்தோங் முதலான தோட்டங்கள் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் எழுந்தன. அத்தோட்டங்களின் குடியமைப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. எதிரெதிரே நிரை நிரையாக லயங்கள், அவற்றுக்கு நடுவே மண்பாதை, பொதுக் குழாயடி, ஓரத்தில் மாரியம்மன் கோயில், அருகில் திடல், சற்றுத் தள்ளித் தமிழ்ப்பள்ளி, இன்னொரு பக்கம் கள்ளுக்கடை.

லயத்து அஞ்சடியில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவும் மூதாட்டி, பாதை முழுவதையும் கண்காணித்தாள். அவளை எவரும் காவலுக்கு அமர்த்தவில்லை; அவளுக்குக் கூலியும் இல்லை. புதியவர் ஒருவர் உள்ளே வந்தால், எந்த வீட்டைத் தேடி வந்தார் என்பது அவர் அவ்வீட்டை அடையுமுன் தெரிந்துவிடும். பள்ளிக்குப் போகாமல் ஆற்றங்கரைக்குப் போன சிறுவனின் செய்தி, சிறுவன் திரும்புமுன் வீடு வந்து சேரும். அண்ணன், மாமா, அத்தை என்று முறைவைத்து அழைக்கும் வழக்கம், பிறர் பிள்ளையைக் கண்டிக்கும் உரிமையை ஒவ்வொரு பெரியவருக்கும் வழங்கியிருந்தது.

எனினும் தோட்ட வாழ்வைப் பொற்காலம் எனப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்குடியமைப்பை வகுத்தவர் குடியிருந்தோர் அல்லர், நிறுவனத்தார். துரையின் பங்களா மேட்டில் நின்றது. கிராணிமாரின் வீடுகள் நுழைவழியை நோக்கின. விடியற்காலைப் பிரட்டில் ஆள்கள் எண்ணப்பட்டனர். உறவினர் வந்து தங்குவதும் நிர்வாகத்தின் பார்வைக்கு உட்பட்டது. கள்ளுக்கடை தந்த மயக்கத்தில் கணவன் மனைவியை அடிக்கும் ஓசை மெல்லிய பலகைச் சுவரைக் கடந்து பத்து வீடுகளுக்குக் கேட்டது. குடும்ப விவகாரம் என்று பத்து வீடுகளும் வாளாவிருந்தன. எல்லாரும் பார்க்கும் இடத்திலும் எல்லாக் கொடுமையும் தடுக்கப்படுவதில்லை. எதைக் குற்றமென்று ஊர் கருதுகின்றதோ அதனையே ஊர்க்கண் தடுக்கும்.

மேலும், வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், அம்மக்களுக்குப் பழக்கம் இருந்தது. மண்ணின் மீது உரிமை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அவ்வுரிமையைத் தேடியே துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஆயினும் பெரும்பாலான தோட்டங்களில் நிலம் கைமாறிய அன்று, குடியிருந்தோரின் சொல் அம்பலம் ஏறவில்லை.

மேலைநாட்டார் கண்ட நெறி

அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார், தெருவைக் காப்பது காவல் துறையினும் மேலாகத் தெருவிலுள்ளோரின் கண்களே என்று வாதிட்டார். கடைக்காரரும், வாயிற்படியில் அமர்ந்திருப்போரும், வருவோர் போவோரும் தம்மையறியாமல் காவல் புரிகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. லயத்து மூதாட்டிக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. சூழலமைப்பால் குற்றத்தைத் தடுத்தல் என்னும் தொடரை சி. ரே ஜெஃப்ரி 1971இல் தம் நூலின் தலைப்பாக்கினார். அடுத்த ஆண்டிலேயே ஆஸ்கர் நியூமன் என்னும் கட்டடக் கலைஞர், காக்கத்தக்க இடம் என்னும் கோட்பாட்டை நிறுவினார்.

நியூமன் காட்டிய சான்றுகள் வலுவானவை. நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஒரு தெருவின் இருபுறமும் இரண்டு பொதுக் குடியிருப்புகள் இருந்தன. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வகை மக்கள், நெருக்கமும் ஒன்றே. மூன்று முதல் ஆறு மாடிகளில், சில குடும்பங்கள் மட்டும் ஒரு வாயிலைப் பகிர்ந்துகொண்ட பிரவுன்ஸ்வில் குடியிருப்பைவிட, உயர்ந்த மாடிகளில் பெருந்தொகையினர் ஒரே வாயிலைப் புழங்கிய வான் டைக் குடியிருப்பில் குற்றங்கள் கணிசமாக மிகுந்திருந்தன. ஒரு படிக்கட்டைப் புழங்கும் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைந்தால் ஒருவரை ஒருவர் அறிவர், அறிந்தால் காப்பர், நூறு குடும்பங்களுக்குப் பொதுவான படிக்கட்டு எவருக்கும் உரியதாகாது என்பது அவர் கண்ட முடிபு.

செயிண்ட் லூயிஸ் நகரின் புரூயிட் இகோ குடியிருப்பையும் அவர் சான்றாகக் காட்டினார். 1950களில் எழுப்பப்பட்ட 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடிகள். சீர்கேடு முற்றி, 1972ஆம் ஆண்டில் அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். கட்டட வடிவமே அவ்வூரை அழித்தது என்று பலர் எழுதினர். பின்வந்த ஆய்வாளர்கள் அதனை மறுத்தனர். ஏழைகளின் வாடகையைக் கொண்டே பராமரிப்புச் செய்ய வேண்டும் என்ற விதியும், வேலையின்மையும், நிறப் பாகுபாடும் அக்குடியிருப்பைச் சீரழித்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். இம்மறுப்பு நியூமனின் கோட்பாட்டை வீழ்த்திவிடவில்லை. அதன் எல்லையைக் காட்டியது. கட்டடம் தீமைக்கு வழி திறக்கலாம், வழி அடைக்கலாம். தீமையைப் பிறப்பிக்கும் வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் கட்டடத்தால் மருந்து தர இயலாது.

மலேசிய நடைமுறை

மலேசியாவில் 1975ஆம் ஆண்டில் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் காவல் திட்டம் தொடங்கியது. குடியிருப்போரே இரவில் முறைவைத்துச் சுற்றிவந்தனர். அது மனிதரைக் கொண்டு இடத்தைக் காத்த முயற்சி. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய பாதுகாப்பான நகர்த் திட்டம், இடத்தைக் கொண்டு மனிதரைக் காக்க முற்பட்டது. வழிப்பறிக் கொள்ளையர் மோட்டார் சைக்கிளில் வந்து பெண்களின் கைப்பையைப் பறித்துச் சென்ற கொடுமை நாட்டை உலுக்கிய காலம் அது. 23 நடவடிக்கைகள் வகுக்கப்பட்டன. நடைபாதையை வண்டிப் பாதையிலிருந்து தடுப்பிட்டுப் பிரித்தல், இருண்ட இடங்களில் விளக்கேற்றல், வளைவுகளில் கண்ணாடி வைத்தல், மறைவான செடிகளைக் களைதல், கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்துதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

இவை வேண்டற்பாலனவே. நியூயார்க் நகரின் பொதுக் குடியிருப்புகளில் 2016ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட முறையான சோதனை, கூடுதல் விளக்குகள் இரவுநேரக் கடுங்குற்றங்களைப் பெரிதும் குறைத்ததை மெய்ப்பித்தது. கேமராக்கள் வாகன நிறுத்துமிடங்களில் நல்ல பயன் தருகின்றன என்றும், திறந்த பொதுவிடங்களில் அப்பயன் குறைவு என்றும் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், நடக்கும்போது கதவைத் திறந்து வெளியே வந்து, “யாரப்பா அது?” என்று கேட்காது.

குறைபாடு வேறிடத்தில் உள்ளது. தாமான்களின் வரைபடத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அது புலனாகும். வீடமைப்பு நிலத்தில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது நகரமைப்பு நெறி. கணக்கில் பத்து விழுக்காடு வந்துவிடுகிறது. ஆனால் வீடு கட்டப் பயன்படாத ஓரத்துண்டு நிலமும், பெருவாய்க்காலை ஒட்டிய மேடும், வீடுகள் முதுகு காட்டி நிற்கும் மூலையும் பூங்கா என்று பெயர் சூட்டப்படும் இடங்களில், அப்பத்து விழுக்காட்டால் விளையும் பயன் யாது? ஊஞ்சல் ஆடும் குழந்தையை எந்தச் சமையலறைச் சாளரத்திலிருந்தும் காண முடியாத பூங்காவை, அந்தி சாய்ந்ததும் வேறு சிலர் தமக்கென எடுத்துக்கொள்கின்றனர்.

பின்சந்துகளின் கதையும் அத்தகையதே. சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து டாக்டர் சிம்சன் 1907ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, அடுத்தடுத்து ஒட்டி நின்ற வீடுகளுக்குப் பின்னே சந்து வேண்டும் என்றது. காற்று நுழையவும், கழிவு வாளியை எடுத்துச் செல்லவும் அது தேவைப்பட்டது. கழிவு வாளி ஒழிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. சந்து மட்டும் எஞ்சியது. வீட்டின் பின்கதவை உடைக்க வருவோனுக்கு அதுவே வாய்ப்பான வழியாயிற்று. அச்சந்தில் தொட்டிச்செடி வைத்து, விளக்கேற்றி, பிள்ளைகள் பந்தாடும் இடமாக மாற்றிய குடியிருப்புகளும் நாட்டில் உண்டு. அங்கே எழுந்த மாற்றத்துக்குப் பெருஞ்செலவு தேவைப்படவில்லை. அண்டை வீட்டார் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதே முதற்செலவு.

வசதி படைத்தோர் வேறு வழி கண்டனர். சுற்றுமதில், தடுப்புக் கம்பு, சீருடைக் காவலர் என வேலியிட்ட குடியிருப்புகள் பெருகின. ராஜா ஜுமாத்தின் அகழி மீண்டும் தோண்டப்பட்டது எனலாம். மதிலுக்குள் இருப்போர் ஓரளவு காக்கப்படுகின்றனர். மதிலுக்கு வெளியே நெடுஞ்சுவரை ஒட்டி நடந்து செல்லும் பள்ளி மாணவிக்கு, அச்சுவர் எந்தச் சாளரத்தையும் தரவில்லை. ஒரு சாராரின் பாதுகாப்பு இன்னொரு சாராரின் தெருவைக் குருடாக்குமாயின், அதனைப் பொதுநலத் திட்டம் என்று போற்றுவது எங்ஙனம்?

விரட்டப்படுவோர் யாவர்?

இக்கொள்கையின் மீது வைக்கத்தக்க தலையாய குற்றச்சாட்டு இனிக் கூறப்படுவதாகும். தீச்செயலைத் தடுக்க எழுந்த நெறி, நாளடைவில் ஆள்களைத் தடுக்கும் நெறியாகத் திரிந்தது. படுக்க இயலாதவாறு நடுவே கம்பி பொருத்திய இருக்கைகள் நகரங்களில் தோன்றின. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2005ஆம் ஆண்டில் ஒரு கருவி புனையப்பட்டது. கொசு என்று பெயரிடப்பட்ட அது, இளையோர் செவிக்கு மட்டுமே கேட்கும் கூரிய ஒலியை எழுப்பி, கடைவாயிலில் கூடுவோரைக் கலைத்தது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற வேறுபாடு அக்கருவிக்குத் தெரியாது. வயது ஒன்றே அதற்குக் குற்றம்.

மலேசியத் தமிழர் இவ்விடத்தில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதத்தில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினராகக் கணக்கிடப்பட்டோரில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் அறிவித்தது. நாட்டு மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை எட்டாத சமுதாயத்துக்கு இது நெஞ்சைப் பிளக்கும் செய்தி. லயத்தின் திடலை இழந்து, அடுக்குமாடிப் படிக்கட்டில் வந்து நின்ற இளைஞனை, அங்கும் நிற்காதே என்று விரட்டினால் அவன் எங்கே போவான்? அவனை வரவேற்க ஒரு கும்பல் காத்திருக்கின்றது. ஊர் மறுத்த இடத்தையும் பெயரையும் அது தருகின்றது. விரட்டுவதனால் படிக்கட்டு தூய்மையாகலாம், ஊர் தூய்மையாகாது.

இளைஞரை ஐயத்தோடு மட்டும் நோக்குவது வரலாற்றையும் மறப்பதாகும். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து, தம் லயங்களின் ஒழுங்கைத் தாமே காக்க முனைந்தோர் தோட்டத்துத் தொழிலாளரே. குடியிருப்பின் கேட்டுக்கு ஊற்றாக நின்ற ஓரிடத்தை இனங்கண்டு, அதனை மாற்ற அவர்கள் போராடினர். பொறுப்பளிக்கப்பட்ட இளமை காவலாகும் என்பதற்கு அது சான்று.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த ஆய்வு ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. குப்பை மண்டிக் கிடந்த 541 வெற்று மனைகளை எடுத்துக்கொண்டு ஆய்ந்து, அதன் முடிவை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் ஒரு பகுதியைத் தூய்மை செய்து, புல் விரித்து, சில மரங்களை நட்டு, தாழ்ந்த மரவேலி அமைத்தனர். அவ்வேலியில் மக்கள் உள்ளே செல்ல வழியும் விட்டனர். மிக வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. இடுப்பளவு வேலி எந்தத் திருடனையும் தடுக்காது. இவ்விடத்தைப் பேணுவோர் உள்ளனர் என்று அது அறிவிக்கின்றது, அவ்வளவே. அவ்வறிவிப்பு மதிலினும் வலியதாயிற்று.

புகாரின் ஐந்து மன்றங்கள்

இத்தகைய பொதுவிடச் சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையில், இளங்கோவடிகள் புகார் நகரின் ஐந்து மன்றங்களை வருணிக்கின்றார். வெள்ளிடை மன்றத்தில் வணிகரின் பொதிகள், உடையவரின் குறியீடு பொறித்து, பூட்டும் காவலும் இன்றித் திறந்தவெளியில் கிடந்தன. களவு செய்ய வந்தவன் கழுத்தில் அப்பொதியே சுமையாக ஏறி அவனை வருத்துமாம். பூத சதுக்கத்தில் நின்ற பூதம், பொய்த்தவத்தோரையும் பொய்ச்சான்று உரைப்போரையும் பிறர்மனை விழைவோரையும் கயிற்றால் கட்டி விழுங்குமாம். இவ்விரண்டும் குற்றத்தை அஞ்சச் செய்யும் இடங்கள்.

எஞ்சிய மூன்றும் வேறு தன்மையன. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கிய கூனரும் ஊமரும் செவிடரும் நோயுற்றோரும் நலம் பெற்று எழுந்தனர். நெடுங்கல் நின்ற மன்றத்தை வலம் வந்த பித்தரும் நஞ்சுண்டோரும் துயர் நீங்கினர். பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் கோல் வளைந்தாலும் அறங்கூறு அவையம் ஒருபால் சாய்ந்தாலும் வாய் திறவாது கண்ணீர் உகுத்தது.

ஆக, ஒரு நகரின் பொதுவிடங்கள் ஐந்தென்றால், அவற்றுள் இரண்டு தீயோரைத் தடுப்பன; இரண்டு நலிந்தோரைத் தேற்றுவன; ஒன்று ஆள்வோரைக் கண்காணிப்பது. இளங்கோவடிகள் நகரமைப்பு நூல் எழுதவில்லை. தெய்வத்தன்மை கலந்த காவியக் காட்சியையே தீட்டினார். எனினும் அக்காட்சியில் அமைந்த நடுவுநிலை, இக்காலக் கொள்கையை எடைபோடும் துலாக்கோலாகத் தக்கது. விளக்கும் கேமராவும் தடுப்பும் வைக்கும் இன்றைய திட்டங்கள், முதல் இரண்டு மன்றங்களை மட்டுமே எழுப்புகின்றன. பூதத்தைக் கட்டியாயிற்று, பொய்கையை வெட்டவில்லை, பாவையை நிறுத்தவில்லை. குறைபாட்டின் வேர் இதுவே.

செய்யத் தக்கன

லுக்குட் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது, வரைபடம் தீட்டப்படும் நிலையிலேயே சில கேள்விகள் எழுப்பப்பட வேண்டும். திடல் வீடுகளின் முன்னே உள்ளதா, முதுகுக்குப் பின்னே உள்ளதா? கோயிலுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கப்பட்ட நிலம் மக்கள் நடந்து செல்லும் வழியில் உள்ளதா, ஒதுக்குப்புறத்தில் தள்ளப்பட்டுள்ளதா? காலையும் மாலையும் வழிபடுவோர் வந்து செல்லும் கோயிலும், பகல் முழுவதும் பிள்ளைகள் ஒலிக்கும் பள்ளியும் தாமாகவே காவல் புரிவன. அவற்றை மூலையில் வைப்பது சமயத்துக்கும் கல்விக்கும் மட்டும் இழைக்கும் தீங்கன்று. ஊரின் இரு கண்களைப் பிடுங்குவதாகும்.

அடுக்குமாடியில் ஒரு படிக்கட்டுக்கு எத்தனை குடும்பங்கள் என்று கேட்கப்பட வேண்டும். உடைந்த விளக்கை மாற்றுவோர் யார், எத்தனை நாளில் மாற்றுவர் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன்கள் மாலையில் கூடுவதற்கு ஒளியுள்ள திடலோ, படிப்பகமோ, கோயில் மண்டபத்தின் ஒரு பகுதியோ அவர்தம் பெயரால் ஒதுக்கப்பட வேண்டும். அதன் திறவுகோலை அவர்களிடமே கொடுப்பதில் அச்சம் கொள்ளத் தேவையில்லை. அவ்வாறே, பெண்களும் முதியோரும் எவ்வழியில் நடக்க அஞ்சுகின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடத்தின் ஒரு பகுதியாக, மாணவர் தம் குடியிருப்பை நடந்து கண்டு, இருண்ட மூலைகளையும் உடைந்த பலகைகளையும் வரைபடத்தில் குறித்து, நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பலாம். எழுதப் படிக்கக் கற்பதன் பயன் அதனினும் தெளிவாக விளங்கும் இடம் அரிது. நகராண்மையும் அதற்கு மறுமொழி தரக் கடமைப்பட்டது. அம்மறுமொழியே இக்காலத்தின் பாவை மன்றம்.

தோட்டத்து மூதாட்டிக்கு உரிமை இல்லாதபோதும் அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேத்திக்கு இன்று வீட்டுப் பத்திரம் இருக்கின்றது; பார்ப்பதற்குப் பாதை தெரியவில்லை. பழக்கத்தையும் உரிமையையும் ஒருசேரத் தரும் குடியமைப்பே இவ்விரு தலைமுறைகளின் குறையையும் தீர்க்க வல்லது. அதனை வரைவது கட்டடக் கலைஞரின் கடமை; கேட்டுப் பெறுவது மக்களின் கடமை.